கொழுந்துத் தராசில் பிள்ளையைத் தொங்கவிட்ட தெய்வானை அக்கா

வெள்ளைத் துணி கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை மீட்டர் என்று நான் முதலில் கேட்பதில்லை. யாருக்கு என்றுதான் கேட்பேன். வட்டவளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவனுக்குச் சாவுச் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் வரும். அன்று காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கிலிருந்து இரண்டு பேர் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். கொடி கட்டவும் சேர்த்து வெள்ளை வேண்டும் என்றார்கள்.

"யாருக்குப்பா?"

"நம்ம தெய்வானை அக்காவுக்குங்க. விடியக்காலைல அடுப்பு பத்தவச்சிருக்காங்க. அப்படியே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

துணியை அளந்தேன். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிற கை, அன்று இரண்டு தடவை கோணலாக வெட்டியது. வந்தவர்கள் அதையே மடித்து வாங்கிக்கொண்டார்கள். அவர்களும் அக்காவிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவர்கள்தான்.

கருமாதிக்கு வந்த உங்களில் பலர், "கடைசி வரைக்கும் அவங்களோட பழகுனது நீங்கதான், நீங்க எழுதுங்க" என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து வராது. சரக்கைப் பிரித்துக் காட்டுவது போல உள்ளதை உள்ளபடி சொல்ல வரும். எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனைத்தான் மேற்கணக்கு என்கிறோம். அங்கே அக்கா இருந்த அதே லய வரிசையில், நான்கு காம்பரா, அதாவது நான்கு அறை தள்ளிப் பிறந்தவன் நான். துணிமூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு லயம் லயமாகச் சுற்றிப் பிறகு கடை போட்டேன். அக்கா கொழுந்துக் கூடையை இறக்கவே இல்லை. சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர். சந்திரன் என்று ஒரே மகன். தொழிற்சங்கத்தில் எந்தப் பதவியும் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் வாய் ஒன்றுதான்.

அக்கா எல்லோருக்கும் பிடித்த மனுஷி என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்கே பல நாள் பிடித்ததில்லை. கடைக்குள் அவர் கால் வைத்தாலே இன்றைக்கு யார் மாட்டப் போகிறார்களோ என்று இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நான்தான் மாட்டினேன். கடையில் நல்ல கூட்டம். ஓர் இளம் பெண் சேலை அடுக்கின் முன்னால் நெடுநேரமாக நின்றிருந்தாள். அப்போதெல்லாம் மாதவிலக்குக்குப் பேட் வாங்க வருகிற பெண்கள் ஆம்பளைகள் வெளியே போகும்வரை எதையாவது பார்ப்பது போல நிற்பார்கள். பிறகு வந்து காதோடு கேட்பார்கள். நானும் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டுவேன். அக்கா வந்தார். ஒரு பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது.

"மொதலாளி, அந்தப் புள்ள எவ்வளவு நேரமா சீலையத் தடவிக்கிட்டு நிக்குது. அது சீலை வாங்க வரல. பேட் வாங்க வந்திருக்கு. எடுத்துக் குடுங்க."

அந்தப் பெண் அடுக்குக்குள்ளேயே போய்விடுவாள் போல இருந்தது. "மெதுவா அக்கா" என்றேன்.

"என்ன மெதுவா? நாள் பூரா மலையில நிக்கிறவ. ஒதுங்க ஒரு எடம் இல்லாம தேயிலைக்கு நடுவுல குந்துறா. அங்க இல்லாத வெக்கம் ஒங்க கடையில எதுக்கு? பேப்பர்ல சுத்தி, பையில சுத்தி... கசிப்புச் சாராயம் வாங்குறவன்கூட இப்படி ஒளிச்சு எடுத்துட்டுப் போறதில்ல தம்பி."

கடையில் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்து, "சிரிக்கிறவங்க பொண்டாட்டிக்கும் ஒன்னு வாங்கிட்டுப் போங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே பேட் வைத்திருக்கும் அலுமாரியருகே என் மனைவியை உட்கார வைத்தேன். வியாபாரம் கூடியது. அதை மறைக்கப் போவதில்லை.

இனி பிள்ளைமடுவத்தின் கதைக்கு வருகிறேன். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பாதிதான் தெரியும்.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைமடுவம். பால் குடிக்கிற பிள்ளை வைத்திருப்பவர்கள் காலை வேளையில் ஒரு முறை மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு மழைக்காலத்தில் மேற்கணக்குப் பிள்ளைமடுவத்தின் கூரை காற்றோடு போனது. தோட்ட நிர்வாகம் அதைத் திருத்தவில்லை. பிள்ளைகளைக் கீழ்க்கணக்கு மடுவத்தோடு சேர்த்துவிட்டது. அங்கே இறங்கிப் போய்ப் பால் கொடுத்து ஏறி வருவதென்றால் காலை நேரமே போய்விடும். கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான். ஒருத்தி நிறுத்தினாள், அப்புறம் இன்னொருத்தி, பிறகு யாரும் இறங்கிப் போகவில்லை.

அவர்களில் என் தங்கை வசந்தியும் ஒருத்தி. எங்கள் குடும்பத்தில் இன்னும் மலைக்குப் போகிறவள் அவள்தான். அவளுக்குப் பிறந்து சில மாதங்களே ஆன பெண் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் தூக்கினேன். தோளெலும்பு கையில் தட்டுப்பட்டது. மறுநாளே பால்மா டின் இரண்டு எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன தம்பி?"

"பால்மா அக்கா. நல்ல மா."

"நல்ல மாதான். ஒன் தங்கச்சிக்கு அண்ணன் கடை வச்சிருக்கான். மத்தவளுகளுக்கு?"

"எல்லாருக்கும் நான் வாங்கிக் குடுக்க முடியுமா?"

"முடியாது. அதத்தான் நானும் சொல்றேன். இவ மாருல பால் கட்டிக்கிட்டு மலையில நின்னு அழுவுறா. ரவிக்கை நனைஞ்சு போயி இடுப்புல கட்டுற படங்கால மூடிக்கிறா. பால் இருக்கு, புள்ளை இருக்கு, நடுவுல ஒரு மலை இருக்கு. நீ டின்னு தூக்கிட்டு வர்ற."

எனக்குக் கோபம் வந்தது. டின்னைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. வசந்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் பசித்த பிள்ளைக்கு முதலில் மா, பிறகு நியாயம் என்றுதான் சொல்வேன்.

அக்கா சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போனார். "பேசுறோம், பேசுறோம்" என்றார் தலைவர். மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் போனார். கீழ்க்கணக்கு மடுவம் புதியது, பெரியது, டைல் போட்டது என்றார் கண்டாக்கு. "புள்ளை டைலையாங்க குடிக்கும்?" என்று கேட்டுவிட்டு அக்கா வந்துவிட்டார்.

அந்த நேரம் அக்காவின் மகன் சந்திரன் மேற்கணக்கில் கணக்கப்பிள்ளையாகத் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் குடும்பத்தில் கையில் கத்தியோ கூடையோ இல்லாமல் மலைக்குப் போன முதல் ஆள். வேலை நிரந்தரமானால் லயத்தை விட்டு, உத்தியோகத்தர்களுக்கான ஸ்டாப் வீட்டுக்குப் போகலாம். அக்கா அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் ஜன்னல் திரைச்சீலையைப் பார்ப்பார். என்னிடம்கூட ஒரு பூப்போட்ட துணியை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

கொழுந்து நிறுப்பது சந்திரனின் வேலை. பெண்கள் வரிசையில் வந்து கொழுந்தைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். அவன் முள்ளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி எடையைச் சொல்ல வேண்டும். சாக்குக்கென்றும் இலையிலுள்ள தண்ணீருக்கென்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அது எங்கள் மலையில் பழகிப்போன வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் மத்தியான நிறுவையின்போது நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்தேன். மழைக்குப் போடும் பொலித்தீன் விற்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் தோட்டத்துப் பெரிய அதிகாரியான தொரையும் ஜீப்பில் வந்து பார்ப்பார். அக்காவுக்கும் அது தெரியும். அவர் முறை வந்தது. கூடையை இறக்கி வைத்தார். அதற்குள்ளிருந்து துவைத்த சேலை ஒன்றை எடுத்தார். கிளினிக்கில் மருத்துவிச்சியம்மா செய்வது போலவே அதைத் தூளியாக்கிக் கொக்கியில் கட்டினார். அன்று பிள்ளையைக் கீழ்க்கணக்கில் விடாமல் கூடவே வைத்திருந்த வசந்தி பின்னால் நின்றாள்; அவளிடமிருந்து வாங்கி அதில் கிடத்தினார்.

"வாசிங்க கணக்கப்புள்ள" என்றார். மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"எறக்கும்மா. தொரை வர்றாரு" என்றான் சந்திரன் அடிக்குரலில்.

"வரட்டும்னுதான் நிக்கிறேன். நிறுத்தா வாய்விட்டுச் சொல்லணும். அதான ஒங்க சட்டம்? சொல்லுங்க."

ஜீப் வந்து நின்றது. தொரை இறங்கி வந்து தனக்குத் தெரிந்த தமிழில், "என்ன இது? புள்ளை எடு" என்றார். யாரும் எடுக்கவில்லை. சந்திரனுக்குப் பின்னால் நின்ற கண்டாக்கு தொண்டையைக் கனைத்தார். பிள்ளை அழவும் இல்லை. கைமுட்டியை வாயில் வைத்துக்கொண்டு சந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் முள்ளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். பிறகு கொழுந்துக்குச் சொல்வானே அதே குரலில், வரிசையின் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி, "நாலே கால்" என்றான்.

"சாக்குக்கும் தண்ணிக்கும் கழிக்கலையா?" என்றார் அக்கா.

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"எப்பவும் கழிக்கிறதுதானே. கழிங்க. கழிச்சா இந்தப் புள்ளையில மிச்சம் என்ன இருக்குன்னு தொரைக்கும் சொல்லுங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா தொரையின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "போன தடவை கிளினிக்குல நிறுத்தப்போ இதவிடக் கூட இருந்துச்சுங்க. மேக்கணக்குல கொழுந்து கொறைஞ்சா ஏன்னு கேக்க நீங்க வர்றீங்க. புள்ளை கொறைஞ்சா யாருங்க வர்றது?"

அதற்குள் அடுத்தவள் தன் பிள்ளையோடு கொக்கியின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. தொரை ஜீப்பில் ஏறினார். அந்த வாரத்திலேயே மேற்கணக்கில் காலியாகக் கிடந்த காம்பரா ஒன்றுக்கு வெள்ளை அடித்து, ஓர் ஆயாவையும் போட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் பழைய மடுவத்துக்குத் தகரம் ஏறியது. வசந்தியின் மகள் இன்று ஹட்டனில் படிக்கிறாள். வாய் கொஞ்சம் அதிகம்.

உங்களுக்குத் தெரிந்த பாதி இதோடு முடிகிறது.

பெற்ற தாயை அடக்கத் தெரியாதவன் மலையில் ஆட்களை எப்படி அடக்குவான் என்று கண்டாக்கு கேட்டார். சந்திரனைக் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து எடுத்து, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களோடு அனுப்பினார்கள். சில நாள் கழித்து ஒரு சேதி வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால் தெய்வானை மன்னிப்புக் கேட்டால் பையனின் வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. சந்திரன் தாயிடம் கெஞ்சினான். அக்கா மறுத்துவிட்டார்.

கொழும்புக்குப் போகப் பை வாங்க அவன் என் கடைக்கு வந்தான். அக்காவும் பின்னாலேயே வந்தார். மற்றவர்கள் முன்னால் பேச வேண்டாம் என்று இருவரையும் உள்ளே கூட்டிப்போனேன்.

"ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் வாயத் தொறந்த" என்றான் சந்திரன். "ஒம் புள்ளைக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அத உன்னால சொல்ல முடியலல்ல?"

அக்காவின் வாயிலிருந்து பதில் வராததை நான் அன்றுதான் பார்த்தேன். அவன் பஸ் ஏறிய பிறகும் துணிக்கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருக்கவில்லை.

"மன்னிப்புதானே அக்கா. வாயால ஒரு வார்த்தை. நானா இருந்தா கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்ப தம்பி. அதான் நீ கடை வச்சிருக்க." துணிக்கட்டின் முடிச்சை நெருடிக்கொண்டே, "நான் குனிஞ்சா, எனக்குப் பின்னால வரிசையில நின்னவளுக எல்லாம் குனியணும். தகரம்கூட இன்னும் ஏறல. அவன் கேட்டது நியாயம்தான். நான் செஞ்சதும் நியாயம்தான். ரெண்டையும் ஒரே வீட்டுல வச்சிருக்க முடியல" என்றார்.

எடுத்து வைத்திருந்த பூப்போட்ட துணியை அவர் பிறகு கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சந்திரன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையொன்றில் சேர்ந்து முன்னுக்கு வந்தான். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். அம்மாவுக்கு வேண்டியதை பஸ்ஸில் போட்டு என் கடைக்கு அனுப்புவான். சேர்ந்ததா என்று எனக்குத்தான் போன் வரும். அக்கா கடையில் இருக்கும்போது அழைப்பு வந்தால், பேசுங்கள் என்று நீட்டுவேன். வேண்டாம் என்று கையை ஆட்டுவார். ஒரே ஒரு நாள் வாங்கினார். காதில் வைத்து, "சாப்புட்டியா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மைக் இல்லாமல் ஒரு மலைக்கே கேட்கும்படி பேசுகிறவர்.

அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

"அன்னைக்கு அவன் வாய்விட்டுச் சொன்னான் பாரு தம்பி" என்றார் திடீரென்று. "அவன் சொல்லாம இருந்திருந்தா நான் அங்கயே தோத்திருப்பேன். முன்னால தொரை, பின்னால கண்டாக்கு, வேலை வேற போயிரும்னு தெரியும். தெரிஞ்சே சொன்னான். நானெல்லாம் என்ன பேசிட்டேன்? என்கிட்ட புடுங்குறதுக்கு என்ன இருந்துச்சு? அவன்கிட்ட இருந்துச்சு."

"இத அவன்கிட்ட சொல்லுங்க அக்கா. இப்பவே நம்பரப் போட்டுத் தர்றேன்."

"போன்ல சொல்ற பேச்சா இது? வரட்டும். மூஞ்சியப் பாத்துச் சொல்லுறேன். நீ முந்திக்கிட்டுச் சொல்லிராத. அது நான் சொல்ல வேண்டியது."

தீபாவளிக்கு வருவான் என்று பார்த்தார். வரவில்லை. பொங்கலுக்குப் பார்த்தார். கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்பார்.

அடக்கத்தன்று சந்திரன் வந்தான். பாதை நெடுக வெள்ளைக் கொடி. தப்பு மேளம் முன்னால் போக, அக்காவைத் தூக்கிக்கொண்டு கோயில் வளைவு வரை வந்தோம். மேற்கணக்கில் பெண்கள் அந்த வளைவோடு நின்று, அழுதுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். அன்று ஒருத்தியும் திரும்பவில்லை. வசந்தி முன்னால் நின்றாள்.

"பொம்பளைங்க நில்லுங்க. இதுக்கு மேல வரக் கூடாது" என்றார் ஒரு பெரியவர்.

"நாங்க வர்றோங்க."

"மொறைன்னு ஒன்னு இருக்கும்மா."

"இருக்கட்டுங்க. நாங்க வர்றோம்."

தப்புச் சத்தம் நின்றது. எல்லோரும், தோளில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற சந்திரனைப் பார்த்தார்கள். அவன் பின்னால் திரும்பவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "வரட்டும்" என்றான். நடக்கத் தொடங்கினோம். பெண்களும் குழிவரை வந்து மண் போட்டார்கள்.

திரும்பி இறங்கும்போது அவன் என்னோடு நடந்தான். தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. கொஞ்ச தூரம் வந்ததும், "என்னப் பத்தி அம்மா எதுவும் சொன்னாங்களா மாமா?" என்று கேட்டான்.

சொன்னேன். அக்கா என்னிடம் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். முந்திக்கொண்டு சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர் இனிச் சொல்லப் போவதில்லை.

அவன் நின்றுவிட்டான். பாதையோரத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கோவத்துல வராம இருந்தேன்னு நெனச்சாங்களா?"

"அப்படித்தாம்பா நெனச்சாங்க."

"கோவம் கொழும்புக்குப் போயி சேர்றதுக்குள்ளயே போயிருச்சு மாமா. மன்னிப்புக் கேளுன்னு அம்மாவப் பாத்துக் கெஞ்சுனேனே, அந்த மூஞ்சியக் கொண்டாந்து அவங்களுக்குக் காட்ட முடியல."

பின்னால் வந்த பெண்கள் எங்களைக் கடந்து போகும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

அக்கா பேசியதெல்லாம் மேற்கணக்குப் பெண்களிடம் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது, இனி யாரும் அதைப் பிடுங்க முடியாது. அவரிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது வேறு. கண்டியில் படிக்கிற என் மகளிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சிலவற்றை வைத்திருந்தேன். இப்போது வாரத்தில் பாதி நாள் அவளுக்குப் போன் போடுகிறேன். "என்னப்பா ஆச்சு ஒங்களுக்கு?" என்கிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விடுவேனோ என்று எனக்குப் பயம் பிடித்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் பயத்தைத் தெளிய வைத்த தெய்வானை அக்கா, எனக்கு மட்டும் இந்தப் பயத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.